திரைக்குப் பின்னால் மூன்றாவது கிட்டார்

வேலாயுதம் ஐந்து மாதத்துக்குள் மூன்று கிட்டார் மாற்றிவிட்டான். நான்காவதை வாங்க அவன் கடைக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நாகையாவுக்குச் சந்தேகம் வந்தது.

கிட்டார்க் கடை கோலாலம்பூரில் பத்து ரோடு என்ற தெருவில், துணிக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றது. முதலாளி ஓங் சீனர். தமிழ்க் கல்யாண இசைக்குழுக்காரர்கள் ஒருவர் விடாமல் அவருக்குப் பழக்கம். நாகையா அங்கே ஆறு வருடமாக வேலை பார்த்தான். கம்பி மாற்றுவான், கழுத்து வளைந்த கிட்டாரை நிமிர்த்துவான், ஒயர் அறுந்திருந்தால் ஈயம் வைத்து ஒட்டுவான். வேலாயுதத்துக்கு சாலாக் செலாத்தானில் எண்ணெய் டிரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. தகரத்தை அடித்து வளைக்கும் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கவேண்டும். இருவரும் கேரி தீவுத் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒரே வயது. ஒரே வாரத்தில் துணிமணியைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் சலவைக்கடைக்கு மேலே ஒரே அறையில் இருந்தார்கள். கனகலிங்கம் நடத்திய இசைக்குழுவில் வேலு முன்னணி கிட்டார், நாகையா அவனுக்குப் பின்னால் தாளக் கிட்டார் தட்டிக்கொண்டு நிற்பவன்.

"அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிறத எடுடா," என்றான் வேலு.

கண்ணாடி அலமாரிக்குள் தொங்கியது அமெரிக்காவிலேயே செய்த ஃபெண்டர் கிட்டார். விலை இரண்டாயிரத்து நானூறு மலேசிய வெள்ளி. ஓங் அதைத் தன் கையால்தான் துடைப்பார். வேலுவிடம் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று நாகையா கேட்கவில்லை, தெரியும். தைப்பூசம் கழிந்து ரமணிக்கும் அவனுக்கும் கல்யாணம். செராஸில் வீடு பிடிக்க வைத்திருந்த பணம் அது.

"ஜப்பான் ஃபெண்டருக்கு என்னடா ஆச்சு? அஞ்சு வாரம்கூட ஆகல."

"செத்துப்போச்சு. கம்பளிய மேல போட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு."

யமஹாவைக் கொடுத்தபோதும் இதைத்தான் சொன்னான். நான்கு வருடம் மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்த யமஹா. பிறகு வாங்கிய இபானெஸ்ஸை இரண்டு மாதத்தில் கொண்டுவந்து போட்டான். அதுவும் செத்துப்போச்சு. ஒவ்வொரு தடவையும் நாகையா கிட்டாரைப் பிரித்துப் பார்த்தான். ஒயர் நன்றாக இருந்தது, காந்தம் நன்றாக இருந்தது, கம்பி புதிது. வாசித்தால் கணீரென்று கேட்டது. வேலுவிடம் அதைச் சொன்னால், உன் காதை முதலில் கழுவு என்பான். நாகையாவும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான். ஏனென்றால் அந்தப் பட்டணத்தில் கிட்டாரைப் பற்றி யாருடைய காது சரி என்று கேட்டால், வேலுவின் காது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

அது சும்மா வந்த பெயர் இல்லை. கடையின் பின்னறைக்கு ஒரு பூப்போட்ட பாத்திக் துணி திரையாகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓங் சாப்பிடப் போனதும் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒருவன் திரைக்குப் பின்னால் போய் இரண்டு மூன்று கிட்டாரை எடுத்துக்கொள்வான். ஒரே ஆம்ப் ஒலிப்பெட்டி, திருகுகள் ஒரே இடத்தில், எல்லாக் கிட்டாரிலும் ஒரே கனமுள்ள கம்பி. வாசிப்பதும் ஒரே நான்கு வரிதான். வெளியே நிற்பவன் யார் செய்த கிட்டார், எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லவேண்டும். கிட்டாரின் தலையில் எழுதியிருக்கிற பெயரைப் பார்த்தால் காது பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது வேலுவின் கட்சி. மற்றக் குழுக்காரர்களும் வந்து தே தாரிக் தேநீர்ப் பந்தயம் கட்டிப் பார்த்தார்கள். வேலு ஒரு நாளும் காசு கொடுத்துத் தேநீர் குடித்ததில்லை.

வாங்க வருகிறவர்களுக்கு நாகையா சொன்னதெல்லாம் அந்தத் திரைக்கு வெளியே நின்று வேலு சொன்னதுதான். ஃபெண்டர் என்றால் பச்சை வெள்ளரிக்காயைக் கடித்த மாதிரி, ஒவ்வொரு சுரமும் உடைந்து விழும். கிப்ஸன் தேங்காய்ப்பால், கெட்டியாக இறங்கும், ஆனால் தோள்பட்டை கழன்றுவிடும். இபானெஸ் விரல் ஓடுகிறவனுக்கு, நிதானமாக வாசிக்கிறவனுக்கு அது பறக்கிற குதிரை. யமஹா கணக்கு வாத்தியார், எந்த மண்டபத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், கொடுத்த காசுக்கு அதைவிட ஒன்று கிடையாது. ஜப்பானில் செய்த ஃபெண்டரை அமெரிக்கனோடு வைத்து வாசித்துவிட்டு ஒருநாள் வேலு சொன்னான்: "எழுபத்தஞ்சு காசு குடுத்தா தொண்ணூறு காசு சத்தம்லா. மிச்சம் பத்து காசு சத்தத்துக்குத்தான் நீ அறுநூறு வெள்ளி குடுக்கிற." கொரியாவிலிருந்து பேர் தெரியாத ஒருவன் செய்து அனுப்பிய சிவப்புக் கிட்டார் ஒன்று மூலையில் கிடந்தது. முந்நூறு வெள்ளி. அதன் சத்தம் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருக்கும். அதை வாசித்தால் வேலு பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவான்.

அப்படிப்பட்டவன் இப்போது பத்துக் காசுச் சத்தத்துக்கு வீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து நின்றான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்தோரு வருடமாகக் கல்யாணத்திலும் கோயிலிலும் மற்றவர்கள் பாட்டை வாசித்த கனகலிங்கம், சொந்தமாக எட்டுப் பாட்டு கட்டி கேசட் போடப் போகிறார். செராஸில் ஸ்டூடியோ பிடித்தாயிற்று, இன்னும் பதிமூன்று நாள் இருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் கிட்டார் தனியாக ஒரு நிமிடம் வரும். வேலுவே கட்டிய இசை அது. அந்த ஒரு நிமிடம் நன்றாக வந்தால் சிங்கப்பூர்க் குழு ஒன்று அவனை எடுத்துக்கொள்ளும், பிறகு டிரம் கம்பெனிக்குப் போகவேண்டாம் என்று அவனுக்கு நம்பிக்கை. ரமணியும் அப்படித்தான் நம்பினாள்.

"யோசிச்சு வாங்குடா," என்றான் நாகையா. "அடுத்த வாரம் வா. ஓங்கிட்ட பேசி விலையக் குறைக்கிறேன்."

அப்போது வேலுவின் கையில் இருந்த கேசியோ கடிகாரம் கத்தியது. தொழிற்சாலையில் ஷிப்டுக்காக அவன் வைத்திருந்த அலாரம். பீப் பீப் என்று அது கத்திக்கொண்டே இருக்க, வேலு ஃபெண்டரின் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

"கடிகாரம் அடிக்குதுலா. நிறுத்து."

வேலு கையைத் திருப்பிப் பார்த்தான். எண்கள் மின்னிக்கொண்டிருந்தன. "எங்க அடிக்குது? பேட்டரி போயிருக்கும், சும்மா மின்னுது," என்று பொத்தானை அழுத்தினான்.

கத்தல் நின்றது. அடுத்த வாரம் வருகிறேன் என்று வேலு கிளம்பிப் போனான்.

அதன் பிறகு அவன் மனம் சும்மா இருக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் அவன், சின்ன வயதிலிருந்தே அப்படி. மினிபஸ் தாமதமாக வந்தால் வேலை போய்விடும் என்று நினைப்பான். ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தது கற்பனை இல்லை. ஆம்ப்பிலிருந்து ஈ என்று ஒரு சத்தம் வருகிறது, பார் என்று வேலு போன மாதம் சொன்னான். நாகையா ஆம்ப்பை அணைத்தான். இப்போதும் வருகிறதே என்றான் வேலு. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவன் அதையே சொன்னான். வேடிக்கை பண்ணுகிறான் என்று நாகையா அன்றைக்கு நினைத்திருந்தான். இரண்டு வாரத்துக்கு முன் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகை வேலு கடைசி வரைக்கும் திருப்பி வைத்து வாசித்தான். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெண் வீட்டார் வந்து சண்டை போட்டார்கள்.

அன்று சாமான் ஏற்றும்போது கனகலிங்கம் நாகையாவை லோரிக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளை, ரயில்வேயில் கிளார்க். சத்தமாகப் பேசமாட்டார். "தம்பி, வேலுக்கு என்னமோ சரியில்லை. ரெக்கார்டிங் அன்னிக்கும் இப்படியே வாசிச்சா நான் என்ன செய்ய? அந்த மூணாவது பாட்டு சோலோவை நீ படிச்சு வச்சிரு. ஜஸ்ட் இன் கேஸ்," என்றார்.

முடியாது அங்கிள் என்றான் நாகையா. வேலுவுக்கு அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம், ஓங் சாப்பிடப் போன நேரத்தில், அவன் விரல்கள் தாமாகவே அந்த ஒரு நிமிடத்தைத் தேடின. சும்மா, வருகிறதா பார்ப்போம் என்றுதான் எடுத்தான். அடுத்த நாளும் எடுத்தான். பிறகு தினமும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலு பணத்தைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். ஓங் சாப்பிடப் போயிருந்தார். நாகையா ஒரு முடிவோடு இருந்தான். வாயால் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. திரை சொல்லட்டும்.

"வாங்குறதுக்கு முன்ன ஒரு தடவ திரை போடுவோம்டா. ரெண்டு மாசமாச்சு," என்றான்.

வேலுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உனக்கு தே தாரிக் வாங்கிக் குடுக்க ஆசையா இருந்தா நேரா சொல்லலாமே."

நாகையா உள்ளே போனான். வழக்கம்போல ஆம்ப்பின் திருகுகளை நடுவில் வைத்தான். முதலில் வேலுவே நான்கு வருடம் வாசித்த யமஹாவை எடுத்தான். அது இன்னும் விற்காமல் கிடந்தது. நான்கு வரி வாசித்தான்.

"ஜப்பான்," என்றான் வேலு. "இபானெஸ்."

கடைசியில்தான் விடை சொல்லவேண்டும், அது விதி. இரண்டாவதாக அமெரிக்க ஃபெண்டரை எடுத்தான். அதே நான்கு வரி. சுரங்கள் பின்னறைச் சுவரில் பட்டுத் தெறித்தன. கையில் எடுத்தபோதே தெரிந்தது, பத்துக் காசு வித்தியாசம் என்று வேலு சொன்னது சரியான கணக்கு. ஆனால் அந்தப் பத்துக் காசு இருக்கிறதே, அது ஆளைக் கொல்லும்.

"இது கிப்ஸன். நல்ல கிப்ஸன்கூட இல்ல. சளி பிடிச்ச கிப்ஸன்."

ஃபெண்டருக்கும் கிப்ஸனுக்கும் உள்ள வித்தியாசம் கிட்டாரையே பார்க்காதவனுக்கும் தெரியும். பிறகு மூலையிலிருந்த கொரியாக்காரனின் சிவப்புக் கிட்டாரை எடுத்து மாட்டினான். வாசித்தான். தன் பல்லே கூசியது.

திரைக்கு வெளியே வேலு மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

"இதுடா," என்றான். குரல் தழுதழுத்தது. "இதுதான் அமெரிக்கன். எத்தன நாளாச்சுடா இப்படிக் கேட்டு. ஒவ்வொன்னும் தனித்தனியா விழுது பாரு. இன்னொரு தடவ வாசி."

நாகையா இன்னொரு தடவை வாசித்தான். கண் கலங்கி, கம்பி தெரியவில்லை.

அவனுக்கு ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு காலை ஞாபகம் வந்தது. ஊரிலிருந்து வந்த மூன்றாவது நாள், இதே கடை வாசலில் ஆள் தேவை என்று அட்டை தொங்கியது. ஓங்குக்கு ஒரு ஆள் போதும். வேலுதான் நன்றாக வாசிப்பவன், ஓங்கும் அவனைத்தான் கேட்டார். வேலு நாகையாவை முன்னால் தள்ளிவிட்டான். இவனுக்கு மெஷின்னா நடுங்கும் பாஸ், நான் டிரம் கம்பெனிக்குப் போறேன் என்றான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அந்த மெஷின் பக்கத்தில் ஆறு வருடம் நின்றிருக்கவேண்டிய காது நாகையாவுடையது.

விடை சொல்லவேண்டிய நேரம். திரையை விலக்கிக்கொண்டு, கடைசியாக எந்தக் கிட்டாரை வாசித்தானோ அதைக் கையில் பிடித்தபடி வெளியே வரவேண்டும். அது அவர்களுடைய வழக்கம். அந்த வழக்கத்தில் இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. நாகையா சிவப்புக் கிட்டாரைச் சத்தமில்லாமல் மூலையில் சாய்த்து வைத்தான். அமெரிக்க ஃபெண்டரை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"மூணும் சரி," என்றான். "தே தாரிக் என் கணக்கு."

வேலு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஓங் திரும்பி வந்து பணத்தை எண்ணி வாங்கினார்.

அந்த வாரம் நாகையா ஊருக்குக் கடிதம் எழுதினான். வேலுவுக்கு எழுதச் சோம்பல். இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்து நாகையா எழுதுவதுதான் வழக்கம். அவன் தங்கை லெட்சுமி இரண்டு வீட்டுக்கும் படித்துக் காட்டுவாள். நாங்கள் நன்றாக இருக்கிறோம், வேலு அமெரிக்கா கிட்டார் வாங்கியிருக்கிறான், கேசட் வந்ததும் அனுப்புகிறோம் என்று எழுதினான். பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தான். யாரும் பயப்படுகிறோம் என்று சொல்லவில்லையே என்று பிறகு அடித்துவிட்டான்.

ரெக்கார்டிங் செராஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் நடந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் ஒலிப்பதிவு செய்கிற பையன் வேலாயுதத்தைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். முதல் இரண்டு பாட்டும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. மூன்றாவது பாட்டில் கிட்டார் தனியாக வந்த இடத்தில் அந்தப் பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டான்.

ட்ரெபிளைக் குறை என்றார் கனகலிங்கம். வேலு குறைத்தான். மறுபடி வாசிக்கும்போது தன்னை அறியாமல் ஏற்றினான். மூன்று தடவை, நான்கு தடவை. பையன் தன் பக்கத்தில் குறைத்து வைத்தான். வேலு பாதியில் நிறுத்தி, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கம்பளியைப் போட்டுவிட்டீர்கள் என்றான். ஆறாவது தடவை கனகலிங்கம் எழுந்து உள்ளே வந்தார்.

"வேலு, காது குத்துதப்பா. கேக்கிறவன் கேசட்டை வெளியில வீசிருவான்."

"அங்கிள், உங்க ஸ்பீக்கர் சரியில்ல. இது அமெரிக்கன் ஃபெண்டர். இது குத்தாது."

"எனக்கு ஃபெண்டரும் தெரியும், ஸ்பீக்கரும் தெரியும்."

வேலுவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நாகையா பின்னாட்களில் நினைத்துக்கொண்டான். வேலு சிரித்தான். "சரி அங்கிள். யார் காது சரின்னு பாத்திருவோம். நான் அந்தச் சுவரப் பாத்து நிக்கிறேன். அந்த மூலையில இருக்கிற கிட்டாரையும் எடுத்துக்குங்க. நாகையா வாசிக்கட்டும். எது எதுன்னு நான் சொல்லலன்னா நீங்க சொல்றபடி கேக்கிறேன்."

மூலையில் ஸ்டூடியோவின் பழைய கொரியா கிட்டார் ஒன்று இருந்தது. நாகையா வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வேலு அதற்குள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

கனகலிங்கம் நாகையாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பையனும் பார்த்துக்கொண்டிருந்தான். நாகையா முதலில் ஃபெண்டரை வாசித்தான். பிறகு கொரியாவை வாசித்தான்.

"மொதல்ல வாசிச்சது கொரியா. ரெண்டாவது என்னோடது," என்றான் வேலு. ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றான்.

வேலு திரும்பினான். நாகையாவின் மார்பில் தொங்கிய கொரியா கிட்டாரைப் பார்த்தான். தன் ஃபெண்டர் நாற்காலியில் கிடப்பதைப் பார்த்தான். கனகலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வேலுவின் முகத்தில் முதலில் குழப்பம்தான் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அவனுக்குள் விழுந்தது. யமஹா, இபானெஸ், கடிகாரம், பிளக்கைப் பிடுங்கிய ஆம்ப். கடைசியாகத் திரை.

"அன்னிக்கு மூணாவது எதுடா?" என்று கேட்டான்.

நாகையா கொரியா கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"திரைக்குப் பின்னால நீ மூணாவதா வாசிச்சது எது?"

"கொரியா."

வேலு தலையை ஆட்டினான். மெதுவாகப் போய் ஃபெண்டரை எடுத்தான். பட்டையை நாகையாவின் தோளில் மாட்டிவிட்டான். வேட்டி கட்டத் தெரியாதவனுக்குக் கட்டிவிடுகிற மாதிரி, நிதானமாக, பட்டையின் நீளத்தைச் சரி செய்தான். "நீ வாசி," என்றான். "அங்கிள் வாடகை குடுத்து எடுத்த எடம். நேரம் போகுது."

வராது என்று சொல்லியிருக்கலாம். ஓரிரண்டு இடத்தில் வேண்டுமென்றே தவறியிருக்கலாம். அதுகூட நாகையாவுக்குத் தோன்றவில்லை. பையன் சிவப்பு விளக்கைப் போட்டதும் இருபத்தைந்து நாளாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிய விரல்கள் ஓடின. ஒரு நிமிடம். ஓர் இடத்திலும் தட்டவில்லை. வேலு கட்டிய இசை, வேலு வாங்கிய கிட்டாரில், வேலு எங்கே மூச்சு விடுவானோ அங்கே மூச்சு விட்டு, முதல் தடவையிலேயே முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பையன் கை தட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

வேலு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு கேட்டதோ. ஆனால் விரல்களைப் பார்த்திருந்தான், அவனுக்கு அது போதும்.

"எத்தன நாளா பழகுற?"

"வேலு, அங்கிள்தான்…"

"எத்தன நாளாடா?"

"இருபத்தஞ்சு நாள்."

"திரை போட்ட அன்னிக்கே வாசிக்கத் தெரியுமா?"

நாகையா பட்டையைக் கழற்றி ஃபெண்டரை அவனிடம் நீட்டினான். அந்த விடையே போதுமாக இருந்தது. வேலு கனகலிங்கத்திடம் வரேன் அங்கிள் என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனான். கிட்டாரை வாங்கிக்கொள்ளவில்லை. நாகையா பின்னாலேயே ஓடினான். கீழே ரோட்டில் லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் இரைந்துகொண்டிருந்தன. வேலு, வேலு என்று அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். வேலு திரும்பவில்லை. கேட்டும் திரும்பவில்லையா, கேட்கவே இல்லையா என்பது நாகையாவுக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அறைக்கு அவன் திரும்பியபோது வேலுவின் பாயும் பெட்டியும் இல்லை. சாவியைச் சலவைக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஓங் நல்ல மனிதர். விலையில் இருநூறு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு ஃபெண்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த இருநூறை நாகையா தன் சம்பளத்திலிருந்து போட்டு, முழுப் பணத்தையும் ரமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ரமணி வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. "தெரிஞ்சதும் என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே," என்றாள். "கிட்டார் வாங்க வேணாம்னு சொல்றதுக்கில்ல. அந்த வேலைய விடச் சொல்லியிருப்பேன்."

அது நாகையாவுக்கு அதுவரை தோன்றவே இல்லை. கிட்டாரைப் பற்றி, சோலோவைப் பற்றி, தன் பொய்யைப் பற்றி அத்தனை யோசித்தவனுக்கு, அந்த மெஷின் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தோன்றவில்லை.

கேசட் வந்தது. கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கொஞ்சம் விற்றது. அட்டையில் முன்னணி கிட்டார் என்பதற்கு எதிரே நாகையாவின் பெயர் இருந்தது. கனகலிங்கம் கேட்காமலே போட்டுவிட்டார். சிங்கப்பூரிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஊரிலிருந்து லெட்சுமி கடிதம் எழுதினாள்: வேலண்ணன் பேர் ஏன் இல்லை என்று அவர் அம்மா கேட்கிறார், என்ன சொல்ல? நாகையா அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை.

கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. கோயிலில் கூட்டத்தோடு போய் மொய்ப் பையைக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கு ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மனதைத் திடப்படுத்திக்கொண்டு மினிபஸ் ஏறி சாலாக் செலாத்தானுக்குப் போனான். தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசை வீடு. பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது. கதவு திறந்திருந்தது. வேலு தரையில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். எழுந்து துணியில் கையைத் துடைத்தான்.

"வாங்க," என்றான். "உக்காருங்க. ரமணி, யார் வந்திருக்காங்க பாரு."

இருபத்தைந்து வருடத்தில் வேலு அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாகையா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ரமணி மைலோ பானம் கலக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துவிட்டார்களாம். கட்டம் போட்ட காகிதத்தில் கோடு மேலிருந்து சரசரவென்று கீழே விழுந்திருக்கிறதாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றாராம் டாக்டர். இப்போது மெஷின் பக்கம் இல்லை, ஸ்டோரில் போட்டிருக்கிறார்களாம். சம்பளம் கொஞ்சம் குறைவு. இதையெல்லாம் ரமணிதான் சொன்னாள். வேலு புன்னகையோடு அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகையா ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். பஸ்ஸில் அதை எட்டுத் தடவை சொல்லிப் பார்த்திருந்தான். பயந்துட்டேன்டா, உன் குரலக் கேட்டதும் பயந்துட்டேன் என்று தொடங்கும். மைலோ ஆறிப்போகும்வரை அவனுக்கு அது வரவில்லை.

"கடையெல்லாம் எப்படிப் போகுது?" என்றான் வேலு. யாரோ தூரத்து உறவுக்காரரிடம் கேட்பதுபோல.

"போகுது. புதுசா ஒரு யமஹா வந்திருக்கு. நடுவுல ஒரு திருகு வச்சிருக்கான், அதத் திருப்பினா…" நாகையா பாதியில் நிறுத்தினான். அந்தக் கிட்டார் எப்படி இருக்கிறது என்று அவன் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை.

"அப்படியா," என்றான் வேலு. கொஞ்சம் காத்திருந்தான். பிறகு குனிந்து மின்விசிறியின் இறகை எடுத்து மாட்டினான். சுற்றிவிட்டுப் பார்த்தான். நன்றாகச் சுற்றியது. "இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க. ஏழு மணிக்கு மேல இங்க மினிபஸ் ஒழுங்கா வராது," என்றான்.

நாகையா எழுந்தான். வேலு ரோடு முனைவரை கூடவே வந்து, பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றான். பஸ் வந்ததும் ஏறுவதற்கு வழிவிட்டு விலகிக்கொண்டான்.